எனக்கெதுக்குத்தா இதெல்லாம்?

2019 கோடை விடுமுறைக்கு மதுரையில் அம்மா வீட்டில் இருந்தேன். அப்பாவின் ஓய்வூதியப் புத்தகத்தைத் தேடி அம்மாவின் பீரோவைத் திறந்தேன். கீழ்த்தட்டில் வெள்ளைத் துணியில் சுற்றிய பட்டுப்புடவை ஒன்று. பக்கத்தில் விலைச்சீட்டு கூடக் கிழிக்காத கைப்பை, பெட்டி பிரிக்காத ரத்த அழுத்தக் கருவி, கால் வலிக்கு மசாஜ் மெஷின், ஃபிளாஸ்க், வெள்ளிக் குங்குமச்சிமிழ், மதுரை வெயிலில் யாரும் போடாத ஒரு ஸ்வெட்டர். ஏழும் நான் வாங்கிக் கொடுத்தவை. ஏழும் புதுசாகவே இருந்தன.

பின்னால் வந்து நின்ற அம்மா, "எல்லாம் பத்திரமா வச்சிருக்கேன்த்தா. நீ வாங்கிக் குடுத்ததுல்ல" என்றார். அவ்வளவு பிரியமாகச் சொன்னார். நான் அப்படியே பீரோ முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பத்து வருஷச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கடை கடையாக ஏறி வாங்கியவை. அம்மாவின் ஒரு நாளைக்கூட அவை தொடவில்லை.

அன்றிலிருந்து ஒரு பரிசு நன்றாக இருந்ததா என்று பார்க்க ஒரே ஒரு கேள்விதான் வைத்திருக்கிறேன். ஆறு மாதம் கழித்து அது எங்கே இருக்கிறது, பீரோவிலா, கையிலா? கொடுக்கும்போது வரும் சிரிப்பை நம்புவதில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் எதைக் கொடுத்தாலும் சிரிப்பார்கள். அதற்கு முன்னால் "எனக்கெதுக்குத்தா இதெல்லாம்?" என்பார்கள். அதை அடக்கம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். உண்மையிலேயே "இது எனக்கு எதற்கு?" என்றுதான் அம்மா கேட்டிருக்கிறார்.

பட்டுப்புடவை அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு வாங்கியது. காஞ்சிபுரம் பட்டு, அகலக் கரை, 18,000 ரூபாய். அம்மாவுக்கு அப்போதே வலது தோள்பட்டை இறுகி, கையை மேலே தூக்க முடியாது. கனமான பட்டில் கொசுவம் பிடித்து, முந்தானையைத் தோளில் போட்டு, ஒரு கல்யாணம் முடியும்வரை உட்கார்ந்திருப்பது அவருக்கு வேதனை. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனாலும் கடையில் நின்றபோது தோள் ஞாபகத்துக்கு வரவில்லை. அறுபதாவது பிறந்தநாள் என்றால் பட்டு என்பதுதான் ஞாபகத்துக்கு வந்தது. நாலு பேர் "மக எடுத்துக் குடுத்தாளாம்" என்று சொல்வதும் மனசில் இருந்திருக்கும்.

அம்மா எதை ஆசைப்பட்டார் என்று அப்புறம் யோசித்துப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்து சொல்லியே இருந்தார். "நல்ல சுங்குடியே இப்ப வர்றதில்ல. எல்லாம் அச்சு. பழசு கிழிஞ்சுபோச்சு, அத மாதிரி மெத்துனு எதுவும் இல்ல." மூன்று தடவையாவது போனில் கேட்டிருப்பேன். அதைப் புலம்பலாகக் கேட்டேன், விருப்பமாகக் கேட்கவில்லை.

மதுரைச் சுங்குடி சௌராஷ்டிர சமூகத்தாரின் கைவேலை. பருத்தித் துணியில் பொடிப்பொடியாக முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்த பிறகு முடிச்சை அவிழ்ப்பார்கள். சாயம் ஏறாத இடம் புள்ளியாக நிற்கும். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் கடைகளில் சுங்குடி என்று கிடைப்பதில் பெரும்பாலானது அச்சுப் புடவைதான். வித்தியாசம் பார்ப்பது கஷ்டமில்லை. அச்சில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவாக, ஒரே வட்டமாக இருக்கும். முடிச்சில் ஒன்று போல் ஒன்று இருக்காது. துணியைத் தடவினால் முடிச்சு இருந்த இடம் லேசாகச் சுருங்கியிருப்பது விரலுக்குத் தெரியும்.

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு நாள் முழுக்க அலைந்து, அரக்கு நிறத்தில் முடிச்சுச் சுங்குடி ஒன்று எடுத்தேன். பட்டின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இங்கேதான் நான் கற்றுக்கொண்ட முக்கியமான விஷயம் இருக்கிறது. புடவையை மட்டும் கொடுத்தால் அது பாதிப் பரிசு. மீதி வேலை அம்மா தலையில் விழும். ஜாக்கெட் தைக்கத் தையற்கடைக்குப் போக வேண்டும், ஃபால்ஸ் வைக்க வேண்டும், ஓரம் அடிக்க வேண்டும். அம்மாவுக்குக் கடைவீதிக்குப் போக ஆள் வேண்டும், ஆளைக் கூப்பிடக் கூச்சம். இப்படித்தான் ஒரு புடவை பீரோவுக்குப் போகிறது.

அதனால் அம்மாவின் பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்கு எடுத்துக்கொண்டேன். தையற்காரரிடம் தோள் வலியைச் சொன்னேன். கைச்சுற்றை அரை அங்குலம் தளர்த்தி, கொக்கியைக் கொஞ்சம் பெரிதாக வைத்துக் கொடுத்தார். ஃபால்ஸ் வைத்து, கல் உப்புப் போட்ட தண்ணீரில் தனியாக ஒரு தடவை அலசி, கடைக் கஞ்சி போக நிழலில் உலர்த்தி, மடித்துக் கொடுத்தேன். தாம்பாளம் இல்லை, பளபளக்கும் காகிதம் இல்லை. மறுநாள் காலையில் அம்மா அதைக் கட்டிக்கொண்டுதான் காபி போட்டுக்கொண்டிருந்தார்.

(அந்தப் பட்டு வீணாகவில்லை. அம்மாவைக் கேட்டு, என் மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்கு எடுத்து வந்தேன். அவள் கட்டிக்கொண்ட போட்டோவை அம்மா டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.)

நான் கோயம்புத்தூரில் பிளஸ் டூ மாணவர்களுக்குப் பொருளாதாரம் எடுக்கிறேன். ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1993-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை வகுப்பில் சொல்வதுண்டு. யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம், கிறிஸ்துமஸுக்கு உங்களுக்கு வந்த பொருளை நீங்களாக வாங்குவதென்றால் என்ன விலை கொடுப்பீர்கள் என்று கேட்டார். வாங்கியவர் கொடுத்த விலையைவிடப் பத்து சதவீதம் முதல் மூன்றில் ஒரு பங்குவரை குறைவாகவே பெற்றவர்களின் மதிப்பு இருந்தது. அந்த இழப்பு யாருக்கும் போய்ச் சேராமல் காற்றில் கரைகிறது என்பது அவர் வாதம். ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பரிசோடு சேர்ந்த பாசத்தின் மதிப்பை ஒதுக்கிவிட்டு விலை சொல்லும்படி அவர் கேட்டிருந்தார். அம்மாவின் பீரோவில் இருந்தது அவர் ஒதுக்கச் சொன்ன அந்தப் பாசம் மட்டும்தான். பொருள் வேலைக்கு ஆகவில்லை, பாசம் பத்திரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டையும் ஒரே பொருளில் கொண்டுவர முடியாதா என்பதுதான் என் கேள்வி.

கோவையிலிருந்து மதுரைக்கு நான் பெரும்பாலும் பழனி வழியாக வரும் ரயிலில் போவேன். அந்த மலைப்பக்கத்தை ஆண்ட மன்னன் பேகன். மயில் அகவியதைக் கேட்டு, குளிரில் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையைக் கொடுத்தான் என்று சின்ன வகுப்பிலேயே படித்திருக்கிறோம். பரணர் அதைப் பாடும்போது, மயில் உடுத்தாது, போர்த்தாது என்று தெரிந்தும் கொடுத்தான் என்கிறார். பேகனின் இரக்கம் பெரியது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த மலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மயிலின் ஞாபகம்தான் வரும். அந்தப் போர்வை அப்புறம் என்ன ஆகியிருக்கும்?

அப்பா விஷயத்தில் நான் செய்த தவறு இதைவிடப் பெரியது.

அப்பா 31 வருஷம் பேருந்து ஓட்டியவர். அந்தக் கால வண்டிகளில் எஞ்சின் ஓட்டுநரின் இடது பக்கத்திலேயே, ஒரு மூடிக்குக் கீழே இருக்கும். ஓய்வு பெற்ற பிறகு டிவி சத்தம் வருஷத்துக்கு வருஷம் ஏறியது. பழைய டிவியில் ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்து, அண்ணனும் நானும் சேர்ந்து 43 அங்குல டிவி வாங்கி மாட்டினோம். ஒரு வாரத்தில் அதிலும் சத்தம் பத்தவில்லை என்றார். அவர் அடிக்கடி சொன்னது வேறு: "இப்பல்லாம் யாரும் திருத்தமா பேசுறதே இல்ல. வாய்க்குள்ளயே பேசுறாக."

வயதானால் முதலில் குறைவது மெல்லிய, கீச்சென்ற ஒலிகளைக் கேட்கும் திறன். ச, த, ப மாதிரி மெய்யொலிகள் அதில்தான் அடங்கும். சத்தம் கேட்கும், சொல் பிரியாது. "பத்து", "சத்து", "தத்து" எல்லாம் ஒன்றுபோல் விழும். எதிராளி சரியாகப் பேசவில்லை என்றுதான் அவருக்குத் தோன்றும். அப்பா குறை சொல்லவில்லை, அவருக்குக் கேட்டதைச் சொன்னார். டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். போன் அடித்தால் அம்மாவிடம் நீட்டினார். கல்யாண வீடுகளில் எல்லோரும் தன் வலது பக்கம் வரும்படி ஓரமாகப் போய் உட்கார்ந்தார். நாங்கள் அதை வயசான களைப்பு என்று விட்டுவிட்டோம்.

புரிந்த பிறகு அவசரப்பட்டேன். 2022 பொங்கலுக்கு, இணையத்தில் காதில் மாட்டும் ஒரு கருவியை 2,500 ரூபாய்க்கு வாங்கி, காகிதம் சுற்றி, வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருக்கும்போது அப்பாவிடம் கொடுத்தேன். பிரித்தார். என்னவென்று பார்த்தார். மூடினார். "நான் செவிடனாத்தா?" என்றார். அவ்வளவுதான். எழுந்து மாடிக்குப் போனார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்தப் பெட்டியைக் கொடுத்த இடத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கும். என் சித்தப்பா, அத்தான், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருவரிடம் இல்லாததை நிரப்பும் பொருள், அது இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். காதுக் கருவி, கண்ணாடி, கைத்தடி, இரவில் போடும் டயப்பர், எடை குறைக்கும் எதுவும் இந்த வகைதான். இவற்றைப் பிறந்தநாள் பரிசாக, நாலு பேர் முன்னால், திடீரென்று கொடுக்கவே கூடாது. பரிசாகக் கொடுக்கலாம், ஆனால் பரிசு என்று சொல்லாமல், இருவர் மட்டும் இருக்கும்போது, கேட்டுவிட்டு.

மூன்று மாதம் விட்டேன். ஏப்ரலில் ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் அப்பாவின் வலது பக்கம் உட்கார்ந்து, "அப்பா, நான் கோயம்புத்தூர்ல இருந்து பேசுனா நீங்க போன அம்மாட்ட குடுத்துர்றீங்க. எனக்கு உங்ககிட்டப் பேசணும்ப்பா" என்றேன். உங்களுக்குக் காது கேட்கவில்லை என்று சொல்லவில்லை. எனக்கு வேண்டியதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "டாக்டரப் பாப்பமா?" என்று அவரே கேட்டார்.

அதற்கப்புறம் நடந்ததை விவரமாக எழுதுகிறேன், யாருக்காவது உதவும். முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர். அவர் இரண்டு காதிலும் இறுகியிருந்த குறும்பியை எடுத்தார். சிலருக்கு இதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுமாம். அப்பாவுக்குத் தீரவில்லை. பிறகு கேட்புத்திறன் சோதனை, சத்தம் வராத அறையில் ஹெட்போன் மாட்டி. வலது காது 45 டெசிபல், இடது 60. எண் கூடக் கூடக் கேட்பது குறைவு என்று அர்த்தம். எஞ்சின் பக்கம் இருந்த காதுதான் அதிகம் போயிருந்தது. நான் இணையத்தில் வாங்கியது எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி பெரிதாக்கும் பெருக்கி மட்டுமே. நல்ல காதுக் கருவியோ இந்தச் சோதனை வரைபடத்தைப் பார்த்து, எந்த ஒலி எவ்வளவு குறைகிறதோ அதை மட்டும் அவ்வளவு கூட்டித் தரும்படி அமைக்கப்படுவது. வாங்கும் முன் மாட்டிப் பார்க்கக் கேட்க வேண்டும். கிளினிக் அறையில் மட்டுமில்லாமல், வெளியே ரோட்டிலும் நடந்து பார்க்க வேண்டும்.

முதல் நாள் வீட்டில் அப்பா கேட்ட முதல் கேள்வி, "இந்த ஃபேன் எப்பவுமே இப்படியா கத்தும்?" தட்டு வைக்கும் ஓசை, தன் செருப்புச் சத்தம், அம்மாவின் வளையல், எல்லாம் காதில் அடித்தது. கழற்றி வைத்துவிட்டார். இங்கேதான் நிறையக் கருவிகள் பீரோவுக்குப் போகின்றன. காது பல வருஷமாகக் கேட்காத சத்தங்களை மூளை மறுபடி பழக வேண்டும். முதல் வாரம் வீட்டுக்குள், ஒருவரோடு ஒருவர் பேசும்போது மட்டும், இரண்டு மூன்று மணி நேரம். அப்புறம் டிவி. அப்புறம் கோயில், கடைவீதி. கல்யாண மண்டபம் கடைசி. இரண்டு வாரம் கழித்து மறுபடி போய் அமைப்பை மாற்றினோம். அந்த ஒரு மாதம் வாரக் கடைசி எல்லாம் மதுரைக்குப் போய்வந்தேன். கருவியைவிட அந்தப் பயணங்கள்தான் பரிசு என்று இப்போது நினைக்கிறேன். வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருந்தால் அது நிச்சயம் எட்டாவது பொருளாகப் பீரோவில் இருந்திருக்கும்.

பேட்டரி விஷயமும் சொல்ல வேண்டும். அப்பாவின் கருவிக்கு 13-ஆம் எண், ஆரஞ்சு நிற ஒட்டுத்தாள். உலகம் முழுக்க இதே நிறம்தான். 10-க்கு மஞ்சள், 312-க்குப் பழுப்பு, 675-க்கு நீலம். ஒட்டுத்தாளை உரித்ததும் காற்று உள்ளே போய்த்தான் அது வேலை செய்யும். அதனால் உரித்து ஒரு நிமிஷம் விட்டு மாட்ட வேண்டும். உரித்துவிட்டால் பயன்படுத்தாவிட்டாலும் தீர்ந்துகொண்டே இருக்கும். இராத்திரி பேட்டரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் குறுமணி போட்ட டப்பாவில் வைத்தால் வியர்வையின் ஈரம் போகும். இதையெல்லாம் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி, சாமி படத்துக்குக் கீழே ஒட்டினேன். டப்பாவை அம்மா தினமும் எடுத்து வைப்பார்.

என் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் வேறு மாதிரி. கொங்குப் பக்கத்துக்காரர். எதைக் கேட்டாலும், "எனக்கொண்ணும் வேண்டாங் கண்ணு" என்பார். அவரிடம் விருப்பம் என்று கேட்டால் பதில் வராது. அவர் கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தினமும் காலையில் வாசல் தெளித்ததும், கூடத்தில் மாட்டியிருக்கும் கல்யாணப் போட்டோவை முந்தானையால் துடைப்பார். 1974-இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஒரு நாள், "மாமன் மூஞ்சி மங்கிட்டே போகுது கண்ணு" என்றார். மாமா தவறி அப்போது ஆறு வருஷம்.

கழற்றிப் பார்த்தால் படம் கண்ணாடியில் ஒட்டிப்போயிருந்தது. மழைக்கால ஈரத்தில் பழைய படங்களின் மேல்பூச்சு இளகி அப்படி ஒட்டிக்கொள்ளும். நான் கத்தி நுனியால் பிரிக்கப் பார்த்தேன். நல்லவேளை, அதற்கு முன் ஒரு பழைய ஸ்டுடியோக்காரரிடம் கேட்டேன். "பிரிச்சீங்கன்னா மூஞ்சி கண்ணாடியோட வந்துரும்மா" என்றார். கண்ணாடியோடு அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்து, 600 டிபிஐ அளவில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்துக் கொடுத்தார். இதைப் படிக்கும் யார் வீட்டிலாவது அப்படி ஒட்டிய படம் இருந்தால் தயவுசெய்து பிரிக்க வேண்டாம்.

அந்த ஸ்கேனை நான் முதலில் ஒரு செயலியில் போட்டேன். செயற்கை நுண்ணறிவு பழைய படத்தைச் சரிசெய்யும் வகை. அரை நிமிஷத்தில் பளபளவென்று வண்ணத்தில் வந்தது. சந்தோஷமாக அத்தையிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இது ஆருங் கண்ணு?" என்றார். அழகான ஒரு வாலிபன்தான், ஆனால் மாமா இல்லை. மாமாவின் இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. செயலி அதைக் கறை என்று நினைத்து அழித்துவிட்டது. கண்ணின் சாய்வையும் மாற்றியிருந்தது.

மறுபடி ஸ்டுடியோவுக்குப் போனேன். முகத்தைத் தொடாமல், பின்புலத்தில் இருக்கும் பூஞ்சைப் புள்ளிகளையும் கீறல்களையும் மட்டும் கையால் சரிசெய்து, மங்கலைக் கொஞ்சம் தெளிவாக்கி, கறுப்பு வெள்ளையாகவே அச்சிட்டார்கள். பத்து நாள் ஆனது. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அட்டை விளிம்பு வைத்துச் சட்டம் போடச் சொன்னேன், இனி ஒட்டாது. பழைய படத்தைக் கண்ணாடியோடு தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். புதுப் படத்தை அத்தை கையில் கொடுத்தபோது அவர் எதுவும் சொல்லவில்லை. விரலால் அந்தப் புருவத்தைத் தொட்டார். அப்புறம், "எங்கம்மா படமும் ஒண்ணு இருக்குது. கூட்டத்துல நிக்கும். அத மட்டும் பெருசு பண்ண முடியுமா கண்ணு?" என்றார். இருபது வருஷத்தில் அத்தை என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அது.

சின்னவர்கள் விஷயம் சுலபம், அவர்கள் சொல்லிவிடுவார்கள். நாம்தான் கேட்பதில்லை. என் மகளுக்குப் பதினைந்து வயசு. போன பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்றேன். "பூட்டுப் போட்ட ஒரு டிராயர்மா" என்றாள். தச்சர் வந்து மேசை டிராயரில் பூட்டு வைக்க 350 ரூபாய் ஆனது. பூட்டோடு இரண்டு சாவி வந்தது. ஒன்றை நான் வைத்துக்கொள்ளலாம் என்று கை போனது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டையும் அவளிடமே கொடுத்தேன்.

கல்யாணங்களுக்கு இப்போது மொய் உறைதான், ஒரு ரூபாய் காசு ஒட்டியதாக. பணம் கொடுப்பதில் ஒரு குறையும் இல்லை. 2004-இல் எங்கள் கல்யாணத்துக்கு ஒன்பது சுவர்க் கடிகாரம் வந்தது, வீட்டில் இரண்டே அறை. நெருங்கிய உறவு என்றால் பெண்ணிடமே கேட்டுவிடுவேன். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு நாலு குடும்பம் பேசிவைத்து, தனித்தனியாக டின்னர் செட் வாங்காமல் சேர்ந்து ஒரு வாஷிங் மெஷின் வாங்கினோம். எதற்கு எவ்வளவு போட்டோம் என்று பெண்ணிடம் சொல்லவில்லை.

"உனக்கு என்ன வேணும்?" என்று பெரியவர்களிடம் கேட்பதை நான் விட்டுவிட்டேன். அதற்கு ஒரே பதில்தான் வரும். பதிலாக, "இந்த வாரம் எது உன்னைப் படுத்துச்சு?" என்று கேட்கிறேன். டார்ச் லைட் மங்கல், குக்கர் மூடி இறுகுகிறது, குளியலறையில் பிடிக்க ஒன்றுமில்லை என்று வரிசையாக வரும். அப்படிக் கேட்டதைப் பள்ளி டைரியின் கடைசிப் பக்கங்களில் தேதியோடு எழுதிவைக்கிறேன், ஏனென்றால் தீபாவளிக்கு முந்தின வாரம் கடையில் நிற்கும்போது எதுவும் ஞாபகம் வராது. இன்னொன்று, ஊருக்குப் போனால் வீட்டில் நூல் சுற்றிய, ஊக்கு குத்திய, ரப்பர் பேண்டு மாட்டிய பொருள்களைப் பார்ப்பேன். ஒட்டுப்போட்டு வைத்திருக்கும் பொருள் அவர்களுக்கு வேண்டிய பொருள். ஆனால் உடனே புதுசு வாங்கிவிடக் கூடாது. சிலதுக்குப் புதுசு வேண்டும், சிலதை ரிப்பேர் செய்து அதையே கொடுக்க வேண்டும். அப்பாவின் மூக்குக்கண்ணாடிக்குப் புதுச் சட்டம் வாங்கிக் கோபத்தைச் சம்பாதித்தேன். அவருக்கு அந்தப் பழைய சட்டத்தில் ஒரு திருகாணி மட்டும்தான் வேண்டியிருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். போன தீபாவளிக்கு அம்மாவுக்கு வாங்கிய கழுத்துத் தலையணை பீரோவுக்குத்தான் போயிருக்கிறது, எனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவே போன் செய்தார். "ஏத்தா, ஆரஞ்சு பேட்டரி அட்டை ஒண்ணுதான் இருக்கு. வர்றப்ப ரெண்டு வாங்கியா" என்றார். சரிப்பா என்றேன். பின்னாலிருந்து அம்மாவின் குரல், "எனக்கும் ஒண்ணு சொல்லுங்க" என்றது. அப்பா போனைக் கொடுக்கவில்லை. அவரே கேட்டு, அவரே எனக்குச் சொன்னார். "மாம்பழ மஞ்சள்ல ஒரு சுங்குடி வேணுமாம். ஜாக்கெட்டுக்குக் கைய இன்னுங் கொஞ்சம் லூசா வைக்கணுமாம். அளவு ஜாக்கெட்ட இந்த தடவ நான் தபால்ல அனுப்புறேன்."